மூன்று மணிக்கொரு தரம்

தூய்வாகை என்று அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். திருச்சிக்காரர்கள் ஒரே மாதத்தில் அதைக் குடிகார மரம் ஆக்கிவிட்டார்கள். சாக்கடையைக் குடித்து வளரும் மரம், எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்று சொல்லாத மரம், குடித்துவிட்டு அடுத்தவன் வீட்டுச் சுவரில் போய்ச் சாயும் மரம். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விஞ்ஞானியாலும் வைத்திருக்க முடியாது.

இருபது வருடங்களுக்கு முன்னால் உய்யக்கொண்டான் வாய்க்காலின் நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய கன்றுகளாக அவை லாரியில் வந்து இறங்கின. நட்ட மூன்றாம் வருடம் வாய்க்காலில் மீன் தெரிந்தது. பத்திரிகையில் படம் போட்டார்கள். ஐந்தாம் வருடம் ஒரு வீட்டுக் கழிவறையின் பீங்கானைப் பிளந்துகொண்டு வேர் எட்டிப் பார்த்தது. அந்தப் படத்தை யாரும் போடவில்லை.

மற்ற மரங்களுக்கு ஒரு பருவம் உண்டு. வேம்பு பங்குனியில் துளிர்க்கும், புங்கை சித்திரையில் நிழல் தரும். குடிகார மரத்தின் பருவம் தனி. ஐப்பசி மழையில் கழிவுநீர் பெருகும்போது விழிக்கும். தை வரைக்கும் கண்ணெதிரே வளரும். மாசிக் கடைசியில் வாய்க்கால் வற்றியதும் தூங்கிப்போகும். தூக்கம் என்றால் இலையுதிர்வது அல்ல, இலை பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே சாறு மட்டும் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டு வேரை நோக்கி இறங்கும்.

அப்படிச் சாறு இறங்கும் முதல் நாற்பது நாள்தான் அதைக் கொல்லத் தோதான காலம். அப்போது தண்டில் துளைபோட்டு மருந்தை ஏற்றினால் அது வேர் வரைக்கும் போய்ச் சேரும். விழித்திருக்கும்போது ஏற்றினால் அதே மருந்து இலைக்கு ஏறி, நுனியில் சொட்டுச் சொட்டாக வடியும். மரங்களை அழிக்கத் தொடங்கிய முதல் வருடம் அவசரக்குடுக்கைகள் சிலர் ஒரு தெருவில் அப்படிச் செய்து, மரத்தடியில் விளையாடிய நான்கு பிள்ளைகளுக்குக் கண்பார்வை போனது. அதற்குப் பிறகுதான் மர அடக்க வாரியம் ஒரு விதி கொண்டுவந்தது. தெருவிலுள்ள மரம் ஒவ்வொன்றும் தூங்குகிறது என்று ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகுதான் ஊசி.

பீங்கான்காரத் தெருவுக்கு அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவன் வாரியத்தின் கள ஊழியன் செழியன். அவன் வீடும் அதே தெருவில்தான் இருந்தது.

அறுபத்துமூன்று மரங்கள், மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்ட ஒரே வேர். ஒன்று விழித்திருந்தாலும் மற்றவற்றுக்கு ஊசி போட முடியாது, மருந்து வேர்வழியே போய் விழித்திருப்பதன் இலையில் ஏறிவிடும். போன கார்த்திகையில் தெருவின் மூன்று சமையலறைகளில் தரை பிளந்தது. இன்னொரு மழைக்காலத்தை இந்த அஸ்திவாரங்கள் தாங்காது என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பதிமூன்றுக்குள் மரங்கள் போக வேண்டும். இல்லையென்றால் நூற்று நாற்பது குடும்பங்களும் தெருவைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கட்டிவைத்திருக்கும் அடுக்குமாடிக்குப் போக வேண்டும். தெருவில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, தூங்கிருச்சா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அறுபத்திரண்டு தூங்கிவிட்டன. நாற்பத்தொன்றாம் எண் மரம் மட்டும் தூங்கவில்லை. அது செழியன் வீட்டுக்குப் பின்புறச் சந்தில், கொல்லைக் கதவைத் திறந்தால் நான்கே எட்டில் நின்றது.

மார்ச் கடைசி வாரத்தில் அவன் ரஹமத்துன்னிசா முன்னால் போய் உட்கார்ந்தான். அந்த அம்மாள் வாரியத்தின் தலைமை ஆய்வாளர். இந்த மரத்தை உருவாக்கிய குழுவில் இளம் வயதில் இருந்தவர். அதனாலோ என்னவோ, மரத்தைப் பற்றிப் பேசும்போது உருப்படாத மகனைப் பற்றிப் பேசுகிற குரல் அவருக்கு வந்துவிடும்.

"கசிவுதான் செழியன். எங்கயாவது கழிவுநீர்க் குழாய் ஒழுகும். இதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"குழாயெல்லாம் மூணு தடவை பாத்தாச்சு மேடம். தோண்டியே பாத்துட்டோம். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு."

"ஏ.சி. தண்ணி?"

"வெறும் தண்ணிக்கு இது முழிக்காதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க." அவன் கைக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தான். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் வாரியம் ஒரு பட்டையைக் கட்டியிருந்தது. தண்டு முடியளவு பருத்தாலும் அந்தப் பட்டை சொல்லிவிடும். அது வரைந்த கோடு திரையில் ஏறி இறங்கி ஓடியது. "பாருங்க. காலைல ஆறுக்கு ஏறுது. அடங்குது. ஒம்பதுக்கு ஏறுது. பன்னெண்டு. மூணு. மறுபடி ஆறு. ராத்திரியும் அப்படித்தான். மணி பாத்து ஒழுகுற குழாய நான் பாத்ததில்ல."

ரஹமத்துன்னிசா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். 

"இது எதுக்கு முழிக்கும் தெரியுமா?" என்றார் பிறகு. "நாங்க இதை உருவாக்கினப்ப ஒரு சிக்கல். மழைத் தண்ணியக் குடிச்சு வயித்த ரொப்பிக்கக் கூடாது, மாட்டுக் கொட்டில் தண்ணியக் குடிக்கக் கூடாது, மனுஷ சாக்கடைய மட்டும் தேடிப்போய்க் குடிக்கணும். வேருக்கு அதை எப்படி அடையாளம் காட்டுறது? தேடித் தேடி ஒரு சர்க்கரையப் பிடிச்சோம். மனுஷங்க கிட்ட மட்டும் இருக்குற சர்க்கரை. வேற எந்தப் பிராணிகிட்டயும் அந்த வகை அந்த அளவுக்கு இல்ல."

"மனுஷங்க உடம்புல எங்க மேடம்?"

"தாய்ப்பால்ல. குழந்தைக்கு அது செரிக்காது, அப்படியே வெளிய வந்துரும். ஒரு ஊர்ல எப்பவும் ஆயிரம் கைக்குழந்தை இருக்கும், எல்லா வீட்டுத் துணியையும் அலசி அந்தத் தண்ணி சாக்கடைக்குத்தானே வருது? லேசா, ரொம்ப லேசா இருக்கும். வேருக்கு அதுவே போதும். குழந்தைங்க இருக்குற ஊருக்குக் காவலா ஒரு மரம்னு அப்ப நாங்க பெருமையாப் பேசிக்கிட்டோம்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இது எப்பலேருந்து இப்படித் துடிக்குது? பின்னாடி போங்க."

செழியன் கோட்டைப் பின்னுக்குத் தள்ளினான். மாசி, தை, மார்கழி. அந்த மாதங்களில் எல்லா மரங்களும் சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்ததால் இந்தத் துடிப்பு அந்தக் கூட்டத்தில் கலந்து போயிருந்தது. தேடினால் தெரிந்தது. தள்ளிக்கொண்டே போனான். டிசம்பர் பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு முதல் ஏற்றம். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவன் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

"செழியன்?"

"ஒண்ணுமில்ல மேடம். நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டான்.

வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிரசவ வார்டில் நர்ஸ் கொடுத்தது. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று நேரம் போட்டுக் கட்டம் கட்டிய தாள். பால் கொடுத்ததும் ஒரு டிக் போட வேண்டும். முதல் பத்து நாள் கட்டங்களில் அவன் மனைவி வேணியின் கையால் போட்ட டிக் குறிகள் வரிசையாக இருந்தன. பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் காலி. அதற்குப் பிறகு தாளில் கட்டமே தேவைப்படவில்லை. நான்கு மாதமாக அந்தத் தாளைக் கிழிக்க இருவருக்கும் கை வரவில்லை. தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கப் பழகியிருந்தார்கள்.

பையன் பன்னிரண்டு நாள் இருந்தான். பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. செழியனுக்குக் கபிலன் என்று ஆசை. வேணிக்கு ஆதவன். கபிலன் என்றால் பள்ளிக்கூடத்தில் கபி, கபி என்று கேலி செய்வார்கள் என்று அவள் சண்டை பிடித்தாள். கர்ப்பம் முழுக்க அந்தச் சண்டை சுகமாக ஓடியது. கடைசியில் எந்தப் பெயரும் இல்லாமலே போய்விட்டான். மருத்துவமனை கொடுத்த எல்லாத் தாளிலும் 'கிருஷ்ணவேணியின் ஆண் குழந்தை' என்றுதான் இருந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி மத்தியானம் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சண்டை என்று ஒன்றுமில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் உடைந்துவிடுவாரோ என்ற பயம்தான். செழியன் மரங்களின் பின்னால் ஓட ஆரம்பித்தான். காலை ஏழுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். மனைவி பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் துணிச்சல் இல்லை என்று சொல்வதுதான் நியாயம்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு அவன் சந்துக்குள் வந்து நின்றான். எதிர்வீட்டு லூர்துமேரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த போர்வையை அப்படியே கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"தம்பி, வேணிய ஒண்ணும் சொல்லிராதீங்க. தப்பு என்னோடது" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்னக்கா தப்பு?"

"புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு வந்த மறுநாளு காலைல, நெஞ்சு ரெண்டும் கல்லாக் கட்டிக்கிட்டுத் துடிச்சுக்கிட்டிருந்துச்சு. பீச்சி விடாட்டிச் சீழ் வச்சுரும்னேன். குளியலறைக்குப் போச்சு. நான்தான் தடுத்தேன். தாய்ப்பாலச் சாக்கடைல விடக் கூடாதும்மா, நாலு பேரு கால்ல மிதிபடக் கூடாது, மரத்து மூட்டுல ஊத்துன்னேன். எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம். எல்லா வீட்டுலயும் அப்படித்தானே தம்பி? வேற மரம் பக்கத்துல ஏது, எல்லாத்தையும் இந்தக் குடிகாரன் தின்னுட்டானே. நான் என்னத்தக் கண்டேன்."

"உங்க மேல தப்பு இல்லக்கா" என்றான் செழியன். சொன்னது நிஜம்தான். யார் மேல் தப்பு என்று தேடினால், குழந்தைகள் இருக்கும் ஊருக்குக் காவல் என்று பெருமைப்பட்டவர்கள் வரைக்கும் போக வேண்டும்.

பன்னிரண்டு அடித்தது. கொல்லைக் கதவு திறந்தது. வேணி வெறுங்கையோடு வெளியே வந்து, நாற்பத்தொன்றாம் மரத்தின் மூட்டில் குந்தி, பட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். எழுந்தபோதுதான் அவனைப் பார்த்தாள். ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செழியன் நிதானமாகச் சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "வேணி, நீ பால் ஊத்துறதாலதான் இது தூங்க மாட்டேங்குது. கொஞ்ச நாள் நிப்பாட்டும்மா. தெருவே..."

"பாலா?" அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "பால் வத்தி ரெண்டு மாசமாச்சுங்க. பொங்கலுக்கு அடுத்த வாரம் நின்னுருச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. ஒரு மனைவிக்குப் பால் வற்றிய நாள் கணவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அந்த வெட்கம் அவனை அறைந்தது.

"அப்புறம் எதுக்கு வர்ற?"

"அது காத்துக்கிட்டிருக்குங்க." அவள் மரத்தின் அடியைக் காட்டினாள். உலர்ந்த மண்ணில் வேர் தொடங்கும் இடத்தில் மட்டும் பட்டை லேசாக விம்மி, ஈரம் பூத்திருந்தது. "வேளைக்கு வேளை இப்படித்தான். நீங்க மணியே பாக்க வேணாம். பால் நின்ன முதல் நாள் சும்மா எட்டிப் பாத்தேன், இப்படி நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. குடுக்க ஒண்ணுமில்ல. விட்டுட்டு உள்ள போக மனசு வரல. கூடவாவது இருக்கலாம்னு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவா அடங்கிரும். ஏமாந்து அடங்குறது."

செழியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தனை நாள் திரையில் பார்த்த ஏற்ற இறக்கம் அது. குடித்ததால் ஏறிய கோடு என்று நினைத்திருந்தான். குடிக்கக் கிடைக்கும் என்று நம்பி ஏறி, கிடைக்காமல் இறங்கிய கோடு. ஒரு நாளைக்கு எட்டு தரம், இரண்டு மாதமாக.

ரஹமத்துன்னிசா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னார். சாக்கடையில் வேர் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் காணாத சர்க்கரை, மணி தவறாமல், சுத்தமாக, ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. மரம் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. சூரியகாந்தி விடிவதற்கு முன்பே கிழக்கே திரும்பிக் காத்திருக்கிறதே, அப்படி என்றார்.

"அப்ப எப்படித் தூங்க வைக்கிறது மேடம்?"

"நிப்பாட்டினா தூங்காதுன்னு பாத்தாச்சு. பசியோட முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். குடுத்துத்தான் மறக்கடிக்கணும். கன்னுகளுக்குச் சோதனை பண்ண அந்தச் சர்க்கரைய டப்பால வச்சிருக்கோம். முதல்ல மூணு மணிக்கொரு தரம் வயிறு நிறையக் குடுக்கணும். அப்புறம் நாலு மணி, ஆறு மணின்னு இடைவெளிய நீட்டணும். தன்னால அசந்துரும்." அவர் தயங்கினார். "சொட்டுக் குழாய் மாட்டி மெஷின்ல விட்டுரலாம். உங்க மனைவிக்குத் தெரியவே வேணாம்."

அது நல்ல யோசனை. செழியனும் வீடு வரும் வரைக்கும் அப்படித்தான் செய்வது என்று முடிவு செய்திருந்தான். வாசலில் வேணி முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தூங்க வைப்பது எதற்கு என்பதையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் அதை நறுக்கி முடித்தாள்.

"மெஷின் வேணாம். நான் குடுக்கிறேன்."

"உன்னால முடியுமா வேணி? கடைசில அதைக்..."

"தெரியும். கொல்லப் போறீங்க. கொல்லாட்டி நூத்தி நாப்பது வீடும் போயிரும். எனக்குப் புத்தி பேதலிக்கலைங்க. அது மரம்னு எனக்குத் தெரியும்." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "அவன் கடைசி ரெண்டு நாளும் பட்டினிங்க. வயித்துல எதுவும் தங்காது, குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைத் தொறந்து தொறந்து தேடினான். இந்தப் பக்கம் நான் பீச்சிப் பீச்சிக் கை கழுவுற தொட்டில ஊத்தினேன். இது ஒண்ணாவது வயிறு நெறைஞ்சு போகட்டும்."

செழியனும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தான். குழந்தை வாயைத் திறந்தது அவனுக்கும் தெரியும். கொட்டாவி என்று நினைத்துக்கொள்ள அவன் அப்போதே தீர்மானித்துவிட்டிருந்தான். அன்றைக்கு, நான்கு மாதத்துக்குப் பிறகு, அவன் மனைவியின் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதான். வெங்காய வாசனையுள்ள கையால் அவள் அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

வாரியத்திலிருந்து நான்கு டப்பாக்கள் வந்தன. வெள்ளைப் பொடி. வேணி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பொடியைக் கரைப்பாள். எடுத்துப் போகுமுன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பாள். மரத்துக்குச் சூடு பார்க்க வேண்டியதில்லை என்று செழியன் சொல்லவில்லை. மூட்டில் மெதுவாக ஊற்றுவாள், ஒரேயடியாகக் கொட்ட மாட்டாள். முதல் இரண்டு நாள் கோடு மலைபோல ஏறியது. மூன்றாம் நாள் ஏற்றம் குறைந்தது. நான்காம் நாள் இடைவெளியை நான்கு மணி ஆக்கினார்கள். ஆறாம் நாள் ஆறு மணி. இரவு வேளைகளைச் செழியன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். வேணி விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு வேளை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் எப்படி நடக்குமோ அப்படி, முறை யாருடையது என்று இரண்டொரு தரம் சண்டைகூட வந்தது.

தெருவில் விஷயம் பரவியிருந்தது. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. தூங்கிருச்சா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். சந்தின் வழியாக வண்டியில் போகிறவர்கள் அந்த மரத்துக்கு முன்னால் ஹாரன் அடிப்பதில்லை.

பதினொன்றாம் நாள் காலை செழியன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வேணி கைக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தக் கோட்டைப் படிக்க அவளும் கற்றுக்கொண்டிருந்தாள். மாலை ஆறிலிருந்து விடிகாலை ஆறு வரைக்கும் கோடு மேசை விளிம்பு போல நேராக இருந்தது.

"ராத்திரி முழுக்கத் தூங்கிட்டான்!" என்றாள்.

சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்று முகத்தில் ஓர் இடமும் பிடிக்காமல் தடுமாறியது. செழியன் வாயில் நுரையோடு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். எந்த வீட்டிலும் இந்த வார்த்தைக்கு எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இவர்கள் வீட்டில் இந்த வார்த்தைதான் உத்தரவு.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவன் கையெழுத்துப் போட்டான். பத்து மணிக்குத் துளைக்கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள். அறுபத்திரண்டு மரங்களையும் அவர்களிடம் விட்டுவிட்டு, நாற்பத்தொன்றுக்கு அவனே கருவியை எடுத்துக்கொண்டான். வேறு கை படக் கூடாது என்று இருந்தது. வேணி உள்ளே போகவில்லை.

"வலிக்குமா?" என்றாள்.

"தூங்குது. தெரியாது."

அவன் கருவியைத் தண்டில் பொருத்தினான். அவள் மரத்தை அணைத்துக்கொண்டு, பட்டையில் வாயை வைத்து, காதில் சொல்வதுபோல மூன்று தரம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவ்வளவு கிட்டத்தில் நின்றவனுக்கு எப்படிக் கேட்காமல் இருக்கும்?

"கபிலா. கபிலா. கபிலா."

அவன் ஆசைப்பட்ட பெயர். அவள் ஒன்பது மாதம் சண்டை போட்டு மறுத்த பெயர். கண்ணீர் செழியன் கண்ணை மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு கருவியை அழுத்தினான். மருந்து இறங்கியது. பட்டை அசையவில்லை, இலையில் ஒரு சொட்டும் வடியவில்லை. திரையில் கோடு நேராகவே ஓடியது.

சாயங்காலம் படிவம் நிரப்ப உட்கார்ந்தான். எல்லாக் கட்டங்களையும் முடித்தான். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. 'பருவத்தில் உறங்காமைக்கான காரணம்: குழாய்க் கசிவு / தெருவிளக்கு / மேல்நீர் / பிற.' முதல் மூன்றுக்குள் அவன் பார்த்தது அடங்கவில்லை. 'பிற' என்பதன் பக்கத்தில் பேனாவால் 'பசி' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

நான்கு நாள் கழித்து, பங்குனிக் கடைசி நாள் காலையில், ரஹமத்துன்னிசா வீட்டுக்கே வந்தார். தெருவில் இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்திருந்தன. பெண்கள் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நூற்று நாற்பது வீடும் தப்பிவிட்டது, யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குளிர்பெட்டிக் கதவின் தாளைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"படிவத்துல நீங்க எழுதினத ஆபீஸ்ல மாத்தச் சொல்லி எங்கிட்ட அனுப்பினாங்க, செழியன். எனக்கு மாத்த முடியல. ரெண்டு நாள் உக்காந்து ஊர் முழுக்க உள்ள கோடு அத்தனையும் எடுத்துப் பாத்தேன். தூங்காத மரம்னு நூத்துக்கணக்கா இருக்கு, எல்லாத்துலயும் கசிவுன்னு எழுதிருக்கோம். நான்தான் எழுதச் சொன்னது. நிறைய கசிவுதான். ஆனா..." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பதினேழு மரம் மணி பாத்து முழிக்குது. மூணு மணிக்கொரு தரம்."

செழியன் தாளை வாங்கினான். பதினேழு எண்கள், பதினேழு தெருக்கள். பக்கத்தில் துடிப்பு தொடங்கிய தேதி. சில போன வருடம். சில அதற்கும் முந்தியவை. குழாய்க்காரர்களை அனுப்பித் தோண்டிப் பார்த்து, கசிவு கிடைக்காமல் மூடிவிட்டு வந்த இடங்கள். அவனே இரண்டு இடத்தில் நின்று தோண்டச் சொல்லியிருக்கிறான். அந்தத் தெருக்களின் கொல்லைக் கதவுகளில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒருத்தி நின்று பார்த்திருப்பாள் என்று இப்போது தெரிந்தது.

"முதல்ல உள்ளதப் பாருங்க. ஆறு வருஷம்" என்றார் ரஹமத்துன்னிசா. அவர் குரலில் மகனைத் திட்டுகிற தொனி இல்லை. "அந்தத் தெருவுல நேத்து விசாரிச்சேன். கைக்குழந்தையப் பறிகுடுத்த ஒரு பொண்ணு, அப்புறம் புள்ளையே இல்லையாம். ஏன்னு தெரியாமலே தினம் ரெண்டு தரம் அந்த மரத்தடில போய் நிக்கிறாளாம்."

வேணி சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கீழே வரைக்கும் படித்தாள்.

"இதுல மர நம்பர்தான் இருக்கு. வீட்டு நம்பர் எங்க?"

"மரத்தைத்தாம்மா நாங்க கணக்கு வைக்கிறோம்" என்றார் ரஹமத்துன்னிசா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வேணி உள்ளே போனாள். மிச்சமிருந்த ஒரு டப்பாவையும் கொதித்து ஆறிய தண்ணீர்ப் புட்டியையும் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவள் தெருவுக்குப் போகச் செருப்புப் போட்டு நான்கு மாதமாகியிருந்தது.

"வேணி, இப்பவேவா?" என்றான் செழியன்.

"மணி என்னங்க?"

"எட்டரை."

"வண்டிய எடுங்க. ஒம்பதுக்கு அது முழிச்சுக்கும்."